ஜன்னலோர நாற்காலியிலிருந்து எழுந்து வாருங்கள்

அன்புள்ள அண்ணாச்சிமாருக்கும் அக்காமாருக்கும் மதினிமாருக்கும்,

பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகலாம் என்று ஆறு மாத அனுமதியில் கலிபோர்னியா வந்து இறங்கியிருக்கிறீர்கள். ஃப்ரீமாண்ட், மில்பீடஸ், சான் ஹோசே, சன்னிவேல், டப்ளின், எந்த ஊராக இருந்தாலும் சரி, அந்த வீட்டு ஹாலில் தெருவைப் பார்த்தாற்போல ஒரு ஜன்னல் இருக்கும். பக்கத்தில் ஒரு நாற்காலி இருக்கும். மகளும் மருமகனும் வேலைக்குப் போனபின், பேரப்பிள்ளையைத் தூங்கவைத்து, அடுப்பை அணைத்துவிட்டு நீங்கள் வந்து உட்காரும் நாற்காலி. வெளியே ஆள் நடமாட்டம் இருக்காது. தபால் வண்டி வந்து நின்று போவதுதான் அன்றைய விசேஷம்.

அந்த நாற்காலியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். 2013இல் மூத்த பேத்தி பிறந்தபோது முதல்முறையாக ஃப்ரீமாண்ட் வந்தேன். டிசம்பர் மாதம். மகளுக்குப் பத்தியச் சமையல், பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல், இரவில் கண்முழிப்பு என்று ஓடியது. மூன்று மாதத்தில் நான் வெளியே போனது ஆஸ்பத்திரிக்கும் கடைக்கும், இரண்டு தடவை லிவர்மோர் கோயிலுக்கும்தான். ஊருக்குத் திரும்பியதும் அக்கம்பக்கத்தார் "அமெரிக்கா எப்படி இருக்கு டீச்சர்?" என்று கேட்டார்கள். சொல்வதற்கு என்னிடம் ஒரு ஜன்னல்தான் இருந்தது. பிள்ளைகளின் பேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவர்கள் படும் பாட்டைக் கண்ணால் பார்த்தவள் நான். ஆனாலும் அந்த மூன்று மாதத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு கொஞ்சம் கனக்கத்தான் செய்கிறது.

இப்போது நான்காவது தடவையாக வந்திருக்கிறேன். இந்தத் தடவை சொல்வதற்கு நிறைய இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். நீங்கள் உட்கார்ந்திருக்கும் வீட்டிலிருந்து பெரும்பாலும் அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் கடலோ கழிமுகமோ இருக்கிறது. அதன் ஓரமாக, நம் வயதுக்காரர்கள் காலார நடக்கவென்றே போட்டதுபோல, நடைபாதைகள் இருக்கின்றன. அவை யாரோ ஒருவருடைய தோட்டம் இல்லை. பார்க்க வருகிற எவருக்கும் பொது. அங்கே போய் நடந்து பாருங்கள். ஒரு தடவை போய் போட்டோ எடுத்துக்கொண்டு வந்துவிடாமல், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய் நடந்து பாருங்கள்.

எனக்கு இந்தப் புத்தி வந்தது உப்பினால்.

நான் தூத்துக்குடிக்காரி. அப்பா ஓர் உப்பளத்தில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். பள்ளிக்கூடம் விட்டால் வரப்பு வழியாக அவருக்குத் தூக்குச்சட்டியில் காபி கொண்டுபோவது என் வேலை. வெயிலில் பாத்தி கண்ணைக் கூசவைக்கும். 2017இல் வீட்டுக்காரரும் நானும் சேர்ந்து வந்திருந்தபோது, ஒருநாள் நியூவார்க் பக்கமாகக் காரில் போனோம். தூரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு குன்று. மகள் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கிட்டு, "ஏட்டி, அது உப்புல்லா!" என்று கத்திவிட்டேன். அவள் நம்பவில்லை. ஒன்பது வருடமாக அந்த வழியில் போய்வருகிறவளுக்கு அது உப்பு அம்பாரம் என்று தெரியாது. அவள் அப்பா கண்ணாடியை இறக்கி, மூக்கை நீட்டி மோந்து பார்த்துவிட்டு, "அளம்தான்" என்று தீர்ப்புச் சொன்னார்.

அளமேதான். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவின் தென்கோடியில் 1850களிலிருந்தே உப்பு விளைவிக்கிறார்கள். அதற்கு முன்னால் அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஒலோனி மக்கள் கரையில் தானாக விளைந்த உப்பை வாரியிருக்கிறார்கள். நம்மூரில் ஒரே பருவத்தில் திரும்பத் திரும்ப வாருவோம் இல்லையா? இங்கே வெயில் நம்மூர் வெயில் இல்லை. உள்ளே விட்ட கடல்நீர் பாத்தி பாத்தியாக மாறி உப்பாக வர ஏறக்குறைய ஐந்து வருடம் ஆகிறதாம். உப்பு ஏற ஏறத் தண்ணீர் பச்சையிலிருந்து ஆரஞ்சாகி, ரத்தச் சிவப்பாகிறது. அந்த உவர்ப்பில் வாழும் பாசியும் நுண்ணுயிரும் கொடுக்கும் நிறம் அது. விமானம் இறங்கும்போது ஜன்னல் வழியாக நீங்களும் பார்த்திருப்பீர்கள், என்னவென்று தெரியாமலே.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் எங்களை டான் எட்வர்ட்ஸ் வனவிலங்குப் புகலிடத்துக்குக் கூட்டிப்போனாள். ஃப்ரீமாண்டில், டம்பார்ட்டன் பாலத்துச் சுங்கச்சாவடிக்குப் பக்கத்தில் அதன் தலைமையிடம் இருக்கிறது. நுழைவுக் கட்டணம் கிடையாது. அமெரிக்காவில் நகரத்தை ஒட்டி அமைந்த முதல் தேசிய வனவிலங்குப் புகலிடங்களில் ஒன்று அது. 1972இல் சட்டம் போட்டு உண்டாக்கினார்கள். கிட்டத்தட்ட 30,000 ஏக்கர். அதில் 'டைட்லேண்ட்ஸ்' என்ற பாதை சுற்றிவர 2 கிலோமீட்டர்தான். ஒரு சின்ன மேடு ஏறி இறங்கினால் சதுப்பு, வாய்க்கால், அப்புறம் பழைய பாத்தி வரப்பு. வரப்பில் கால் வைத்ததும் என் நடை மாறியதாக வீட்டுக்காரர் இன்றைக்கும் சொல்வார். "தூக்குச்சட்டி ஒண்ணுதான் கையில இல்ல" என்றார்.

அங்கே அவர்தான் முதலில் அந்தச் செடியைப் பார்த்தார். கணுக்கணுவாக, இலையே இல்லாமல், நீர் கோத்த விரல் மாதிரித் தடித்த தண்டு. "இது நம்ம உமரிதானே?" என்றார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், உமரிக்காடு என்று நமக்கு ஒரு ஊரே உண்டு. அதே செடி இல்லை, பங்காளி. ஆனால் அதே குணம்: உப்புத் தண்ணீரைக் குடித்து, உப்பைத் தன் உடம்பிலேயே அடக்கிவைத்துப் பிழைக்கும். இலையுதிர் காலம் வந்தால் பச்சை மாறிச் சிவக்கும். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால், பாஷை தெரியாத ஊரில், ஒரு செடியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடிந்தது. அன்றிலிருந்து இந்த ஊர் எனக்கு அந்நியம் இல்லை.

அந்த உமரிக்குக் கீழே ஒரு சுண்டெலி வாழ்கிறது. உலகத்திலேயே இந்த வளைகுடாவின் சதுப்பில் மட்டும்தான் உண்டு. உவர்நீரைக் குடித்துக்கூட உயிர் வாழும். அழிவின் விளிம்பில் இருப்பதால் அதற்குச் சட்டப் பாதுகாப்பு கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் படுவது அபூர்வம், நான் பார்த்ததில்லை. பார்க்காவிட்டால் என்ன, அது காலடிக்குப் பக்கத்தில் எங்கேயோ ஒண்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்து நடப்பதே தனி நடைதான்.

பறவைகளுக்குக் குறைவே இல்லை. அலாஸ்காவிலிருந்து தென் அமெரிக்கா வரை போகும் வலசைப் பாதையில் இந்த வளைகுடா ஒரு சத்திரம் மாதிரி. மேல்நோக்கி வளைந்த அலகால் தண்ணீரைச் சீவிச் சீவி இரைதேடும் அவோசெட், கூட்டமாக வரிசை கட்டி மீனை மடக்கும் வெள்ளைக் கூழைக்கடா எல்லாம் சேரும். நம் அளங்களில் பூநாரை வந்து இறங்குவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி எங்கேயோ போய்த் தொடும்.

இதெல்லாம் தானாகக் கிடைத்துவிடவில்லை என்பதை நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஒரு காலத்தில் இந்த வளைகுடாவை ஒன்றுக்கும் உதவாத சேறு என்று நினைத்து, குப்பையும் மண்ணும் கொட்டித் தூர்த்து வந்திருக்கிறார்கள். இப்படியே போனால் 2020க்குள் இது அகலமான ஓர் ஆறாகச் சுருங்கிவிடும் என்று காட்டுவதுபோல ஒரு வரைபடம் பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்துப் பதறி 1961இல் பெர்க்லியில் மூன்று பெண்கள் கூடினார்கள்: கே கெர், சில்வியா மெக்லாக்லின், எஸ்தர் கலிக். அரசியல்வாதிகளும் இல்லை, விஞ்ஞானிகளும் இல்லை. ஊராரிடம் ஆதரவு திரட்டி, 'வளைகுடாவைக் காப்போம்' என்று இயக்கமாக்கினார்கள். 1965இல் வளைகுடாவைத் தூர்ப்பதைக் கட்டுப்படுத்த ஓர் ஆணையமே வந்தது. ஃப்ரீமாண்ட் புகலிடத்துக்காக மல்லுக்கட்டியவர்களில் புளோரன்ஸ் லாரிவியேர் என்ற பெண்மணியும் ஒருவர். புகலிட அலுவலகத்துக்கு எதிரே அவர் குடும்பப் பெயரில் ஒரு சதுப்பு இருக்கிறது. முன்பு அது உப்பு விளைந்த பாத்தி. வரப்பை உடைத்துக் கடல்நீரை உள்ளே விட்டார்கள். உமரி தானாக முளைத்துக்கொண்டது. 2003இல் இன்னும் பெரிய அளவில் உப்பளங்களை விலைக்கு வாங்கி, தென் வளைகுடாவில் மட்டும் சுமார் 15,000 ஏக்கரில் பெரும்பகுதியைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சதுப்புக்கே திருப்பிக் கொடுத்து வருகிறார்கள். அளத்துப் பிள்ளையான எனக்கு, உடைக்கப்பட்ட வரப்பைப் பார்க்கையில் முதலில் பகீர் என்றது. வரப்பு உடைவது எங்கள் வீட்டில் இழவுச் செய்தி மாதிரி. இங்கே அதற்கு வேறு அர்த்தம் என்று புரிய எனக்கு இரண்டு தடவை வந்துபோக வேண்டியிருந்தது.

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், தயக்கம் போகும். கலிபோர்னியாவில் கடற்கரையை யாரும் முழுசாகச் சொந்தம் கொண்டாட முடியாது. சராசரியாக ஓதம் ஏறிவரும் எல்லைக்கோடு வரை ஈரமணல் முழுக்கப் பொதுச்சொத்து. பணக்காரர்கள் வீடு கட்டி வழியை அடைக்க ஆரம்பித்ததும் மக்கள் 1972இல் வாக்கெடுப்பு நடத்தி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். 1976இல் அதை நிரந்தரமாக்கினார்கள். அதனால், மாளிகை மாதிரி வீடுகளுக்கு நடுவே ஒரு சந்தும் சின்னப் பலகையும் தெரிந்தால், நாம் போகலாமா என்று தயங்கி நிற்க வேண்டாம். அந்தச் சந்து நமக்காகவே விட்டது.

சரி, எங்கே போவது? எனக்குத் தெரிந்த நாலைந்து இடம் சொல்கிறேன். ஆனால் நம் வயதில் முதல் கேள்வி காட்சி இல்லை, கழிப்பறை. அதைக் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டே பாதிப் பேர் வீட்டில் இருந்துவிடுகிறோம். நான் சொல்லும் இடங்களில் நடை தொடங்கும் இடத்திலேயே கழிப்பறை இருக்கிறது. வழியில் இருக்காது, போய்விட்டு நடங்கள்.

ஃப்ரீமாண்டிலேயே கயோட்டி ஹில்ஸ் பூங்கா. புல் மூடிய குன்றுகள், ஒருபக்கம் சதுப்பு, மறுபக்கம் வளைகுடா. குன்றைச் சுற்றித் தார் போட்ட பாதை இருக்கிறது. ஏற்ற இறக்கம் உண்டு, கைத்தடி இருந்தால் நல்லது. ஒலோனி மக்களின் பழைய குடியிருப்பு இருந்த இடம் அங்கே உண்டு. சாப்பிட்டுப் போட்ட சிப்பியோடுகளே மேடாகக் குவிந்து, அதன்மேல் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கிறார்கள். பிப்ரவரி மார்ச்சில் குன்று முழுக்கப் பச்சை. மே கழிந்தால் வைக்கோல் நிறம். இரண்டும் அழகுதான், பச்சையை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு இந்த நாட்டின் பாதி முகம்தான் தெரியும்.

பெருங்கடலைப் பார்க்க வேண்டுமா, மலையைத் தாண்டி மேற்கே போக வேண்டும். ஹாஃப் மூன் பே ஊரில் கடல் மேட்டின் ஓரமாகவே சமதளப் பாதை போகிறது. சக்கர நாற்காலியில் இருப்பவரையும் தள்ளிக்கொண்டு போகலாம். அதற்குக் கொஞ்சம் வடக்கே மாஸ் பீச் என்ற ஊரில் ஃபிட்ஸ்ஜெரால்டு கடல் காப்பகம். மன்னார் வளைகுடாவில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் முழங்காலளவு சங்கதி. இங்கே சில நாட்களில் ஓர் ஆள் உயரம் இறங்கிவிடும். அப்போது கடலுக்கடியில் இருந்த பாறை வெளியே வந்து, குழிகளில் தண்ணீர் தேங்கி நிற்கும். ஒவ்வொரு குழியும் ஒரு வீடு. பச்சைக் கடல்சாமந்தி, நட்சத்திர மீன், ஊதா நிறத்தில் முள்பந்து மாதிரி ஒன்று, சங்கைத் தூக்கிக்கொண்டு ஓடும் நண்டு. என் பேத்தி ஒரு குழிக்கு முன்னால் முக்கால் மணி நேரம் குந்தியிருந்தாள், அவள் கையில் போன் இல்லை. ஓதம் இறங்கும் நேரம் தினமும் மாறும், பிள்ளைகளிடம் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். பாறை வழுக்கும். இறங்க முடியாதவர்கள் மேலே சைப்ரஸ் மரத்தடியில் நின்றால் கீழே கடல்நாய்கள் வெயில் காய்வது தெரியும்.

பாயின்ட் ரேஸ் தூரம், ஃப்ரீமாண்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆகும். 1962இல் கென்னடி கையெழுத்துப் போட்டுக் காத்த கடற்கரை. நுழைவுக் கட்டணம் இல்லை. அதன் கலங்கரை விளக்கம் 1870இல் ஏற்றியது. அதற்கு 313 படி இறங்க வேண்டும், இறங்கியதை ஏறவும் வேண்டும். முழங்காலுக்கு மரியாதை கொடுத்து நான் மேலேயே நின்றுவிட்டேன். ஜனவரியில் அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவுக்குப் போகும் சாம்பல் திமிங்கலம் அங்கிருந்தே தெரியும், தண்ணீர் பீய்ச்சுவதை வைத்து அடையாளம் காணலாம். அந்தப் பூங்காவில் எனக்குப் பிடித்தது நிலநடுக்கப் பாதை. ஒரு கிலோமீட்டர்தான், சமதளம். 1906இல் பூமி நகர்ந்தபோது ஒரு வேலி இரண்டாக அறுந்து, ஒருபாதி ஐந்து மீட்டர் தள்ளிப் போய்விட்டது. அந்த இடத்தில் அதேபோல வேலி நட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த இடைவெளியில் நின்றால், இரண்டு பாதியும் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன என்பது காலில் தெரிவதுபோல இருக்கும்.

குளிர்காலத்தில் இங்கே இருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். ஆன்யோ நுவேவோ. ஸ்பானிஷில் புத்தாண்டு என்று பொருள். ஒரு ஜனவரி மாதம் கப்பலில் வந்தவர்கள் வைத்த பெயர். டிசம்பர் 15 முதல் மார்ச் கடைசி வரை அங்கே யானைக் கடல்நாய்கள் கரையேறி ஈனும். அந்தப் பருவத்தில் வழிகாட்டியோடுதான் போக முடியும், முன்பதிவு அவசியம். மணலில் மூன்று மைலுக்கு மேல் நடை. முடிகிறவர்கள் மட்டும் போங்கள். நான் 2019இல் போனேன், திரும்பி வந்து இரண்டு நாள் கால் வலித்தது. பரவாயில்லை.

எங்கள் வழிகாட்டி என் வயதுப் பெண்மணி, சம்பளம் வாங்காத தொண்டர். அவர் சொன்னதை என் பேத்தி எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தாள். ஆண் கடல்நாய் இரண்டு டன்னுக்கு மேல் கனக்கும், மூக்கு தும்பிக்கை மாதிரித் தொங்கும். எண்ணெய்க்காகக் கொன்று கொன்று 1890களில் உலகத்திலேயே நூறுகூட மிஞ்சவில்லை. மெக்சிகோவின் ஒரு தீவில் தப்பிப் பிழைத்த அந்தச் சிறு கூட்டத்தை 1922இல் அந்த அரசாங்கம் காப்பாற்றத் தொடங்கியது. 1955இல் ஆன்யோ நுவேவோவுக்கு எதிரே இருக்கும் தீவில் மறுபடி தென்பட்டன. 1975இல் இந்தக் கரையிலேயே குட்டி பிறந்தது. இன்றைக்கு மொத்தம் ஒன்றரை லட்சத்துக்கும் மேல்.

என்னைப் பிடித்து நிறுத்தியது அந்தக் கணக்கு இல்லை, தாய். கரையேறி ஒரு வாரத்துக்குள் ஒரே ஒரு குட்டி ஈனுகிறது. அதன்பின் நான்கு வாரம் பால் கொடுக்கிறது. அந்த நான்கு வாரமும் ஒரு மீன் தின்னாது, தண்ணீருக்குள் இறங்காது. தன் கொழுப்பையே பாலாக்கிக் கொடுத்துத் தான் இளைக்க இளைக்கக் குட்டி உருண்டையாகும். இருபத்தெட்டு நாள் ஆனால் எழுந்து கடலுக்குள் போய்விடும். திரும்பிப் பார்க்காது. குட்டிகள் கூட்டமாக மணலில் கிடந்து, தாங்களே குட்டைத் தண்ணீரில் நீந்திப் பழகி, பசி தாளாத ஒருநாள் கடலுக்குப் போகும்.

பேத்தி இதைச் சொல்லி முடித்துவிட்டு, "பாட்டி, அந்த அம்மா பாவமா, பாப்பா பாவமா?" என்று கேட்டாள். பதினெட்டு வயதில் பிள்ளையைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டுப் பஸ் ஏறியவர்கள் நாம். அதற்கப்புறம் அது கடல் தாண்டிப் போய்விட்டது. அங்கே மணலில் வைத்து எனக்குப் பதில் வரவில்லை, இன்றுவரை யோசிக்கிறேன்.

சில எச்சரிக்கைகள். தலையாயது அலை. நம்ம கடல் சாது. திருச்செந்தூரில் இடுப்பளவுத் தண்ணீரில் முங்கி எழுந்த தைரியத்தில் இங்கே கால் நனைக்கப் போகாதீர்கள். பசிபிக் ஐஸ் மாதிரிக் குளிரும். அதைவிட மோசம், பத்து இருபது நிமிடம் சாந்தமாக இருந்துவிட்டு எதிர்பாராமல் ஒரு பெரிய அலை மணல்மேட்டின் பாதி வரை ஏறி வரும். நான் ஒருமுறை கடலுக்கு முதுகைக் காட்டிப் போட்டோவுக்கு நின்றேன். வந்த அலை முழங்காலுக்கு மேல் அடித்துச் சேலையை நனைத்து இழுத்தது. மருமகன் கையைப் பிடித்திராவிட்டால் இந்தக் கடிதம் இல்லை. செருப்பு ஒன்று போயே போய்விட்டது. கடலுக்கு முதுகு காட்டாதீர்கள். அங்கே வைத்திருக்கும் எச்சரிக்கைப் பலகை சும்மா வைத்தது இல்லை.

பாதையை விட்டு இறங்காதீர்கள். மூன்று மூன்று இலையாக ஒரு செடி வேலியோரத்தில் இருக்கும், இலையுதிர் காலத்தில் அழகாகச் சிவக்கும். பட்டால் வாரக்கணக்கில் அரித்துக் கொப்பளிக்கும். கோடை என்று நம்பி மெல்லிய உடுப்போடு கடலோரம் போகாதீர்கள். ஜூன் ஜூலையில்தான் அங்கே மூடுபனியும் குளிரும் அதிகம், செப்டம்பர் அக்டோபரில் வானம் தெளியும். சேலையோடு தாராளமாக நடக்கலாம், நான் நடக்கிறேன். காலில் மட்டும் ஷூ போடுங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள். ஸ்வெட்டர், குல்லா, பிளாஸ்க்கில் சுக்குக் காபி.

இன்னொரு விஷயம், இது உங்களுக்குக் கசக்கலாம். புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்ததும் அணில் ஓடிவரும், கடற்காகம் வந்து நிற்கும். காக்காய்க்கு வைக்காமல் சாப்பிட்டறியாத கை நம்முடையது. வாயில்லா ஜீவனுக்கு ஒரு பிடி போடக்கூடாதா என்று மனசு அடித்துக்கொள்ளும். போடாதீர்கள். சோற்றுக்குப் பழகிய காக்கையும் கடற்காகமும் கூட்டம் பெருகி, மணலில் முட்டையிடும் சின்ன உப்புக்கொத்திகளின் கூட்டைச் சூறையாடுகின்றன. நாம் போடும் ஒரு பிடி இன்னொரு ஜீவனின் குஞ்சுக்கு எமன். கிளிஞ்சல் பொறுக்குவதும் அப்படித்தான். ராமேஸ்வரம் போனால் சங்கும் சிப்பியும் வாங்காமல் வரமாட்டோம். காப்பகத்தில் ஒரு காலிச் சங்கைக்கூட எடுக்கக் கூடாது. அந்த நண்டு அடுத்து வளர்ந்து குடிபோக வேண்டிய வீடு அது. பேத்தி கையிலிருந்ததை அவளே திரும்பக் குழிக்குள் வைத்தாள், அதை நான் அவளுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

பிள்ளைகளிடம் எப்படிக் கேட்பது என்பதுதான் உங்கள் மனதில் ஓடும், எனக்குத் தெரியும். "அதுகளே அலுத்துச் சலுத்து வருது, நாம வேற தொந்தரவா?" என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நம்மைக் கூட்டிப்போக நினைப்பதோ நயாகரா, லாஸ் வேகஸ், டிஸ்னி. நாலு நாள் லீவு, விமானம், ஓட்டல், காலில் நீர் இறங்கிப் போய்த் திரும்பி வருவோம். அதை வேண்டாம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். ஞாயிறு காலை மூன்று மணி நேரம் கேளுங்கள், அது போதும். நான் கேட்டேன். முதல் இரண்டு வாரம் மருமகன் காருக்குள்ளேயே லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தார். மூன்றாவது வாரம் இறங்கி வந்தார். இப்போது பைனாகுலர் அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. நான் இல்லாத மாதங்களிலும் அவர்கள் நால்வரும் அங்கே போகிறார்கள்.

வார நாட்களில் நீங்கள் ஃப்ரீமாண்டின் லேக் எலிசபெத்தைச் சுற்றி நடப்பதையும் விட்டுவிடாதீர்கள். அங்கே பஞ்சாபிப் பெரியவர்கள், குஜராத்திப் பாட்டிகள், நம்மவர்கள் என்று பெஞ்சு பெஞ்சாக உட்கார்ந்திருக்கிறோமே, அதில் நாலு பேர் சேர்ந்தால் ஒரு கார் ஆகிவிடும். யாராவது ஒரு பிள்ளை ஓட்டி வந்தால் போதும். பாஷை ஒரு பொருட்டே இல்லை. பறவையைக் காட்ட விரல் போதும்.

இந்தத் தடவை நான் தனியாகத்தான் வந்திருக்கிறேன். வீட்டுக்காரருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை ஆகி, அவ்வளவு நேரம் விமானத்தில் உட்கார முடியாது. தூத்துக்குடியில் மகன் வீட்டில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் பழைய பாத்தி வரப்பிலிருந்து அவருக்கு வீடியோவில் கூப்பிடுவேன். அங்கே அப்போது இரவு. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். என் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் கேட்பது, "உமரி சிவந்துட்டா?"

போன வாரம் வரை ஓரங்களில்தான் சிவந்திருந்தது. நேற்று போனோம். அவருக்குக் காட்டுவதற்காகப் போனை அந்தப் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அவரும் பேசவில்லை. இப்போது அக்டோபர் பாதி. இன்னும் மூன்று நான்கு வாரம் இந்தச் சிவப்பு இருக்கும்.

இப்படிக்கு,
உங்களில் ஒருத்தி,
ஃப்ரீமாண்டிலிருந்து